முப்பத்தொன்றாம் வரி

சைதாப்பேட்டை, மதராஸ்
4-2-1952

ஏலே ஏசுவடியான்,

உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. சங்கரன்கோவிலில் அப்பாவின் இரும்புக்கடையில் காற்றாட உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்? தென்முனை ஏர்வேஸில் மொத்தம் இருபத்தாறு பைலட். இருபத்தைந்து பேர் மீனம்பாக்கத்தில் கம்பெனியோடு மல்லுக்கு நிற்கிறோம். இருபத்தாறாவது ஆள் அங்கே ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நாளைக்குச் சங்கக் கூட்டம் என்று நான் சொன்ன அன்றைக்கே, அப்பாவுக்குக் கண்ணில் புரை அறுத்திருக்கிறது என்று மூன்று மாச லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாய். பெரியவருக்குக் கண் அறுத்தது நிஜம். நான் இல்லை என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்து ஏறியிருக்கலாம் அல்லவா? கையைத் தூக்க வேண்டிய நேரத்தில் காணாமல் போனாய். பட்டாளத்திலிருந்து வந்தவனைச் சிபாரிசு பண்ணி இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான் என்பதால், என் முகத்தில்தான் கரி.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. புதிதில் மாசத்துக்கு நூற்றிருபது மணி நேரம் பறக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் கேட்பது எண்பத்தைந்து, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. 'யுத்தத்தில் பறந்தீர்களே, அப்போது மணி பார்த்தா பறந்தீர்கள்?' என்று மானேஜர் கேட்டார். 'அப்போது பின்னால் சுடுகிறவன் வந்தான் ஐயா, இப்போது நீங்கள் வருகிறீர்கள்' என்றேன். அதோடு பேச்சு முறிந்தது.

ஸ்டிரைக் செய்தால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் சட்டப்படி மெதுவாக வேலை செய்வது என்று தீர்மானம். ஓடுதளத்துக்கு வண்டியை நடக்கிற வேகத்தில் உருட்டுவோம். மேலே போனால் விதியில் போட்டிருக்கிற குறைந்த வேகம்தான், ஒரு மைல் கூட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே குறைப் புத்தகம் இருக்கிறது. விமானத்தில் இன்ன கோளாறு என்று பைலட் அதில் ஒரு வரி எழுதினால், அந்த வரிக்கு எதிரே இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் வண்டி நகரக் கூடாது. விதியைப் போட்டவர்கள் அவர்கள், நாங்கள் இல்லை. ஆகவே சாம்பல் கிண்ணம் ஆடினால் எழுது, திரைச்சீலை வளையம் ஒன்று குறைந்தால் எழுது, ஒன்றுமே இல்லையா, கற்பனையில் எழுது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நேற்று பெங்களூர் வண்டிக்கு மட்டும் நாற்பது வரி. ஒரு மணி ஐம்பது நிமிஷம் தாமதம். மானேஜர் வழுக்கையில் பூத்த வேர்வையைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் உன் தம்பி தங்கப்பழம்தான். பேனாவுக்கு மசி ஊற்றி மாளவில்லை அவனுக்கு. 'என்ன அண்ணாச்சி, ஒரே நாள்ல எல்லா வண்டிக்கும் வயசாயிட்டா?' என்று சிரித்தான்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. உன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலில் அனுப்பு. சாக்குச் சொல்லி நாலு பக்கம் எழுதாதே.

துரைப்பாண்டி


சங்கரன்கோவில்
9-2-1952

துரைப்பாண்டிக்கு,

தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் வந்தது. சங்கத்துத் தாள், உன் அப்பன் வீட்டுத் தாள் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஓடி வந்தேன் என்கிறாய். கட்டு அவிழ்க்கிற வரைக்கும் அப்பாவுக்கு வெளிச்சம் ஆகாது. கடைக்கு வேறு ஆள் கிடையாது. கலப்பைக் கொழு வாங்க வருகிற குருவிகுளத்துச் சம்சாரிகள், 'ஏரோப்ளேன் ஓட்டுதவரு நமக்குக் கொழு நிறுக்காரு பாத்தியா' என்று என் காது கேட்கவே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் சிரிப்பில் விஷம் இல்லை.

மணி நேரத்துக்கு நீ போடுகிற சண்டை நியாயமான சண்டை. மாசம் நூற்றிருபது மணி பறந்தால், ஒரு நாள் எவனாவது ஓட்டுகிற கம்பைப் பிடித்தபடியே தூங்கிவிடுவான். ஊர்ந்து போவோம் என்று சொல், சேருகிறேன். மெதுவாகப் பறப்போம் என்று சொல், அதற்கும் சேருகிறேன். எல்லோரும் தொப்பியைக் கழற்றி மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வருவோம் என்று சொல், அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறுகிறேன்.

குறைப் புத்தகத்தில் மட்டும் விளையாடாதே. அது கம்பெனிக்கு எழுதுகிற மனு இல்லை. அடுத்தாற்போல் அந்த வண்டியில் ஏறுகிறவனுக்கு நாம் கொடுத்துவிட்டுப் போகிற வாக்கு. பர்மா எல்லையில் நீ ஓட்டி இறக்கின வண்டியை நான் எடுத்துக்கொண்டு போவேனே, மறந்துவிட்டதா? நீ ஒன்றும் எழுதாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால், மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். உன் எழுத்தை அவ்வளவு நம்பினவன் நான்.

இங்கே பஸ் டிரைவர் மூக்காண்டி போன வருஷம் முதலாளியோடு முறைத்துக்கொண்டு, பனவடலிசத்திரம் பஸ்ஸை நாலு நாள் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பாதி வழியில் இறங்கி நடந்த ஒரு கிழவி, பஸ் வருவதற்குள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டாள். ஊரே சிரித்தது. முதலாளி இறங்கி வந்தார். அந்த நாலு நாளும் மூக்காண்டி பிரேக்கில் விளையாடவில்லை. அவனுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லாமல் போனதே என்றுதான் எனக்கு எரிகிறது.

தங்கப்பழம் சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். அவன் பயந்தால்தான் சிரிப்பான். சின்ன வயசிலிருந்தே அப்படி.

ஏசுவடியான்


சைதாப்பேட்டை
14-2-1952

ஏசுவடியான்,

பிரசங்கம் வந்து சேர்ந்தது. இதையே ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏறிப் பேசியிருந்தால் காணிக்கைத் தட்டாவது சுற்றி வந்திருக்கும்.

ஊர்ந்து போகலாம், மெதுவாகப் பறக்கலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கிறாய். அதெல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்தான் தின்கிறது. எதிர்க்காற்று பலம் என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டுக் கம்பெனிக்காரன் காப்பி குடிக்கப் போய்விடுகிறான். புத்தகம்தான் ரெண்டு மணி நேரம் தின்கிறது. அதில்தான் அவனுக்கு வலிக்கிறது. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருக்கச் சொல்கிறாயா?

தொப்பியைக் கழற்றி வைப்பதாம்! இங்கே பெண்டாட்டி பிள்ளையோடு வாடகை வீட்டில் இருக்கிறவன் பதினெட்டுப் பேர். தொப்பி போனால் உனக்கு இரும்புக்கடை இருக்கிறது. எனக்கு இளையரசனேந்தலில் மானம் பார்த்த நாலு குறுக்கம் புஞ்சைக் காடு இருக்கிறது. அவர்களுக்கு என்ன இருக்கிறது? கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மற்றவன் வேலையைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு உனக்கு வெட்கமாக இல்லையா?

மானேஜர் நேற்று என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். முதல் தடவையாக நாற்காலி! மார்ச் மூன்றாம் தேதி டைரக்டர்களோடு பேச்சு. இது யாரால் வந்தது? உன் வாக்கால் வந்ததா, என் நாற்பது வரியால் வந்ததா?

இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மீதி மூன்று பேர் போடுவார்கள். உன் கையெழுத்து இனி எனக்கு வேண்டாம். சங்கத்தின் அறிக்கைப் பலகையில் கருங்காலி என்று ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழே ஒரே ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறேன். லீவு முடிந்து வந்து படித்துப் பார்.

துரைப்பாண்டி


சங்கரன்கோவில்
20-2-1952

கேப்டன் துரைப்பாண்டி அவர்களுக்கு,

கருங்காலி என்று எழுதிவிட்டீர். இனி 'நீ' என்று எழுதக் கை கூசுகிறது. 'நீர்' போதும்.

உம்முடைய அம்மா இசக்கித்தாய் திங்கட்கிழமை சந்தைக்கு வந்தவர்கள், கடையில் வந்து உட்கார்ந்தார்கள். 'எய்யா, எம்மவன் அங்கன யாருகூடயும் சண்டை இழுத்து வச்சிருக்கானா? ஒரு மாசமா எழுத்தே காணோமே' என்று கேட்டார்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வேலை சாஸ்தி' என்று பொய் சொன்னேன். 'நீயும் இங்கன வந்துட்ட, அவன் ஒத்தையில கெடக்கான். வெடுக்குன்னு பேசிப்புடுவான், உள்ளுக்க ஒண்ணும் கெடயாது. நீதான்யா அமத்தணும்' என்றார்கள். எங்க அப்பா கஞ்சிக்கு என்று ஒரு படி கம்பை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நீர் என்னை எழுதி வைத்திருக்கிற பலகையைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை.

தங்கப்பழத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவன் எழுதினதை அப்படியே எழுதுகிறேன். 'அண்ணா, ஒரு நாளைக்கு முந்நூறு வரி வருது. இன்ஜினியர் ரெண்டே பேரு. எது நெசம், எது வெளையாட்டுன்னு தெரியல. கிண்ணத்துக்கும் டயருக்கும் ஒரே மசி, ஒரே எழுத்து. மானேஜர் கையில வாட்ச வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்காரு. பைலட் அண்ணாச்சிமார் பாடும் பாவமாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய?' இருபத்தாறு வயசில் எழுதுகிற கடிதமா இது?

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். சண்டைக்காரனிடம் வாய்விட்டுக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியும். நிஜமான கோளாறை எழுதும்போது வரிப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தங்கப்பழத்துக்கும் இன்னொரு இன்ஜினியருக்கும் மட்டும் சொல்லி வையுங்கள். மற்ற வரிகளை வைத்துக்கொண்டு நீங்கள் மானேஜரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு புள்ளிதான் கேட்கிறேன்.

ஏசுவடியான்


சைதாப்பேட்டை
25-2-1952

ஏசுவடியான்,

புள்ளி வைக்க முடியாது. சங்கத்து வக்கீலிடமும் கேட்டாயிற்று. ஒரு வரிக்குப் புள்ளி வைத்தால், புள்ளி இல்லாத வரியெல்லாம் பொய் என்று நாங்களே சர்டிபிகேட் கொடுத்த மாதிரி ஆகும். மானேஜர் கண்ணில் அது பட்ட அன்றைக்கு இருபத்தைந்து லைசென்ஸும் பறிபோகும். இரும்புக்கடையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் இப்படிப்பட்ட யோசனைதான் வரும்.

தங்கப்பழம் ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை படிக்கட்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

என் அம்மாவிடம் நல்ல பிள்ளை வேஷம் போட வேண்டாம். அடுத்த சந்தைக்கு வரும்போது கம்பைத் திருப்பிக் கொடுத்துவிடு.

நூற்றிருபதிலிருந்து நூறுக்கு இறங்கிவிட்டார்கள், தெரியுமா? இன்னும் ஒரு பத்து நாள் இழுத்துப் பிடித்தால் எண்பத்தைந்துதான். ஜெயித்த பிறகு உனக்கும் சேர்த்துத்தான் அந்த எண்பத்தைந்து மணி. அப்போது அதை வேண்டாம் என்று சொல்கிற ரோஷம் உனக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

துரைப்பாண்டி


சங்கரன்கோவில்
8-3-1952

கேப்டன் துரைப்பாண்டி அவர்களுக்கு,

பேப்பரில் படித்தேன். புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதராஸை விட்டுக் கிளம்பின தென்முனை டகோட்டா, இடது இன்ஜினில் எண்ணெய் வற்றி நின்று போய், வண்டலூர் தாண்டி ஒரு காய்ந்த ஏரிக்குள் வயிற்றால் இறங்கியது என்று போட்டிருந்தது. ஓட்டினவர் நீர். பயணிகள் பத்தொன்பது பேரும் உயிரோடு எழுந்து நடந்தது கர்த்தருடைய கிருபை. இறக்கின கை நல்ல கை, அதை நான் மறைக்க மாட்டேன். உம் பக்கத்து சீட்டில் இருந்த சங்கரசுப்புவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று தங்கப்பழம் எழுதியிருக்கிறான். பையனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

அந்த வண்டியின் புத்தகத்தில் அன்றைக்கு நாற்பத்து மூன்று வரி. முப்பதாவது, சாம்பல் கிண்ணம். முப்பத்திரண்டாவது, கழிப்பறைக் கதவுக் கொண்டி. நடுவில் முப்பத்தொன்றாவது, 'இடது இன்ஜின் அடியில் எண்ணெய் ஈரம்.' முதல் நாள் சாயங்காலம் இறங்கினதும் நீர் எழுதினது. எதிரே தங்கப்பழத்தின் கையெழுத்து.

அவனைச் சஸ்பெண்டு பண்ணிவிட்டார்கள். பதினேழாம் தேதி சர்க்கார் விசாரணை. லைசென்ஸ் போகும், கவனக்குறைவு என்று போலீஸ் கேஸும் வரும் என்கிறார்கள். மானேஜரும் கம்பெனி வக்கீலும் அவன் ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டப் பார்க்கிறார்கள். உங்கள் சங்கம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறது.

நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான். விசாரணையில் எழுந்து, 'நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டு பொய். எழுதச் சொன்னவன் நான். அந்தக் குப்பைக்குள்ளே ஒரு நிஜத்தை அந்தப் பையன் எப்படித் தேடுவான்?' என்று சொல்ல வேண்டும். நீர் சொல்லாவிட்டால் உம்முடைய எழுத்து சொல்லும். பிப்ரவரி நாலாம் தேதிக் கடிதம் என் மேஜைக்குள் இருக்கிறது. 'கற்பனையில் எழுது' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஏசுவடியான்


சைதாப்பேட்டை
12-3-1952

ஏலே,

மிரட்டுகிறாயா? பதினைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனை, அவன் எழுதின கடுதாசியைக் காட்டி மிரட்டுகிறாய். உனக்கு யார் இதைக் கற்றுக் கொடுத்தார்கள்?

கேள். விசாரணை பதினேழும் பதினெட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து பத்தொன்பதாம் தேதி. எண்பத்தைந்து மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு, எல்லாம் அச்சடித்துத் தயாராக இருக்கிறது. பைலட்டுகள் களைத்துப் போயிருக்கிறார்கள், அதனால்தான் விபத்து என்று பேப்பர்க்காரர்கள் எழுதப் போக, டைரக்டர்கள் வெலவெலத்துப் போனார்கள். சங்கரசுப்பு காலில் கிடைத்த ஒப்பந்தம் அது. சொல்லும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது. ஆனாலும் கிடைத்தது கிடைத்ததுதான். பதினேழாம் தேதி நான் எழுந்து நின்று எல்லாம் பொய் என்று சொன்னால், அவர்கள் அதைக் கிழித்து எங்கள் முகத்தில் வீசுவார்கள். இருபத்தைந்து குடும்பம்!

பத்தொன்பதாம் தேதி கழியட்டும். அதற்கு அப்புறம் நீ சொல்கிற இடத்தில் வந்து நீ சொல்கிறதைச் சொல்லுகிறேன். தங்கப்பழத்துக்குப் பம்பாயில் வேறு கம்பெனியில் நானே பேசி வேலை வாங்கித் தருகிறேன். அவனைப் பட்டினி போட மாட்டேன்.

சங்கரசுப்புவைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். இல்லாத கால் அரிக்கிறது என்கிறான். சொறிந்துவிடச் சொல்லிப் போர்வையைக் காட்டுகிறான். அவன்கூட என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ நானூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு என் கழுத்தில் கத்தி வைக்கிறாய்.

ஒரு வாரம் பொறு. கேட்கிறேன், பொறு.

துரைப்பாண்டி


சங்கரன்கோவில்
14-3-1952

கேப்டன் துரைப்பாண்டி அவர்களுக்கு,

லைசென்ஸ் போன இன்ஜினியருக்குப் பம்பாயில் என்ன வேலை? விமானத்துக்குப் படிக்கட்டுத் தள்ளுகிற வேலையா?

விசாரணை பதினெட்டாம் தேதி முடிகிறது. நீர் பத்தொன்பதுக்கு மேல் பேசுகிறேன் என்கிறீர். தீர்ப்பு எழுதின பிறகு வந்து சொல்லுகிற சாட்சியை எந்த ஊரில் கேட்பார்கள்? உமக்கே தெரிந்து எழுதினீரா, இல்லை, என்னை அவ்வளவு மடையன் என்று நினைத்து எழுதினீரா?

எங்க அம்மா போகும்போது தங்கப்பழத்துக்கு ஆறு வயசு. அவனுக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினது நான். இன்ஜினியர் படிப்புக்குப் போக மாட்டேன், கடையிலேயே இருக்கிறேன் என்று அழுதவனை, கழுத்தைப் பிடித்து ரயிலில் ஏற்றினதும் நான். இருபத்தைந்து குடும்பமா, என் தம்பியா என்று நீர் என்னைக் கேட்கக் கூடாது. எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இன்று பகல் பதினொரு மணிக்கு உம்முடைய பிப்ரவரி நாலாம் தேதிக் கடிதத்தை ரெஜிஸ்டர் தபாலில் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். உமக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஏசுவடியான்


சைதாப்பேட்டை
20-3-1952

ஏசுவடியான்,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

பதினேழாம் தேதி திங்கட்கிழமை, முதல் சாட்சி உன் தம்பி. நான் பின் வரிசையில் இருந்தேன். புத்தகத்தை அவன் முன்னால் வைத்து, முப்பத்தொன்றாம் வரியைப் படித்தாயா என்று அதிகாரி கேட்டார். படிக்கவில்லை, வேலை மிகுதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் நிமிர்ந்து நின்று சொன்னான். 'வாசிச்சேன் ஐயா. கீழ குனிஞ்சு பாத்தேன், ஈரம் இருந்துது. தொடச்சுவிட்டு, இன்ஜின இன்னொரு தரம் ஓட்டிப் பாக்கணும், அரை மணிக்கூறு வேணும்னு கேட்டேன். மானேஜர் வாட்சக் காட்டி, போடுன்னாரு. போட்டுட்டேன். போட்டது என் தப்புதான்.'

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து, பைலட்டுகள் வேண்டுமென்றே பொய்க் குறைகளை எழுதினார்களா இல்லையா, சத்தியத்தின் மேல் சொல் என்று அதட்டினார். உன் தம்பி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'எழுதினதெல்லாம் இருந்துது ஐயா. கிண்ணம் ஆடத்தான் செஞ்சுது' என்றான்.

சாயங்காலம் அதிகாரி எங்கள் வக்கீலிடம், பையன் நேர்மையானவன், அவசரப்படுத்தினது கம்பெனி, ஆறு மாசம் லைசென்ஸை நிறுத்தி வைப்பேன், கேஸ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். 'நீங்கல்லாம் பறந்துட்டு எறங்கி வாற மூஞ்சிய தெனமும் நாந்தான அண்ணாச்சி பாக்கேன். ஒப்பந்தம் வரட்டும். அடுத்தாப்புல எங்களுக்கும் நேரம் கேட்டு வாங்கித் தாங்க' என்றான்.

மறுநாள் காலையில் அதிகாரிக்கு உன் ரெஜிஸ்டர் தபால் வந்தது. அனுப்பினவர் பெயரை அவர் வெளியே சொல்லவில்லை.

கம்பெனி வக்கீல் அதைச் சத்தம் போட்டு வாசித்தார். எழுதினதெல்லாம் பொய் என்று பைலட்டே எழுதியிருக்கிறான், எல்லாம் நிஜம் என்று இன்ஜினியர் சத்தியம் பண்ணியிருக்கிறான், ஆகவே இவனும் கூட்டுக் களவாணி, பொய்ச் சாட்சி என்றார். அப்படியானால் மானேஜர் வாட்சைக் காட்டினதும் பொய்தான் என்றார். அதிகாரி அதற்கு மேல் தங்கப்பழத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆறு மாசம் என்றது போய், லைசென்ஸ் ஆயுளுக்கும் ரத்து. பொய்ச் சாட்சிக்குத் தனியாகக் கேஸ். ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார்கள். நூற்றிருபது மணிக்கு நேற்று எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். என்னை அதற்கு முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கு நன்றாக வேண்டும்.

முப்பத்தொன்றாம் வரியை எழுதினது நான். மறுநாள் காலையில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே வண்டியில் ஏறினதும் நான். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இறங்கிப் போய் இன்ஜினுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மற்றதெல்லாம் பொய் என்பதால், நான் எழுதின நிஜத்தை நானே நம்பவில்லை. இதை நேற்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். விசாரணை முடிந்துவிட்டது என்றார். நீ சொன்னது போலவே.

ஆகக் குறைப் புத்தகத்தைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரி. அந்தச் சங்கதியில் நீ ஜெயித்தாய். சந்தோஷமாக வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. கடிதத்தை வாசித்து முடித்ததும், தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தங்கப்பழம் என்னிடம் சொன்னான். 'அது எங்க அண்ணனுக்கு நீங்க எழுதின கடுதாசி. மேசைக்குள்ள கெடந்தத எவனோ களவாண்டுட்டுப் போயிருக்கான் அண்ணாச்சி. கடைக்கு நூறு பேரு வாற எடம். பாவம், அண்ணனுக்குத் தெரிஞ்சா துடிச்சுப் போயிருவான்.' உன்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம். நீயே அனுப்பியிருப்பாய் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

உன் பதினாலாம் தேதிக் கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதை எடுத்துக் காட்டவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் லைசென்ஸ் போனவனுக்கு மத்தியானம் அண்ணனும் போக வேண்டாம் என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் அவனை நான் ரயிலேற்றிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்குவான். கடிதத்தைத் திருடினவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். உன்னிடம்தான் கேட்பான்.

துரைப்பாண்டி